14 வருஷம் கழித்து மறுபடியும் ஸ்டியரிங்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, வண்டியை விட்டுப் பல வருஷம் விலகியிருந்து திரும்பி வந்தவன் நான் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேஜை நிறைய. புது வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 19 வருஷம் லாரி ஓட்டினேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ள 9 வருஷம் விலகியிருந்தேன். 47 வயதில் மறுபடி ஏறி இன்னும் 12 வருஷம் ஓட்டினேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கும் திரும்பி வருகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

"எனக்கு 46 வயது. 21 வயதில் தொடங்கி 11 வருஷம் லாரி ஓட்டினேன். பிறகு சொந்தத் தொழில். 14 வருஷம் நடத்தி, போன மாதம் மூடிவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை வண்டி ஓட்டுவதுதான். 'நீச்சல் மாதிரிதான், ஒரு தடவை வந்துவிட்டால் மறக்காது' என்கிறார்கள் நண்பர்கள். நான் திரும்பிப் போகலாமா? என்னென்ன மாறியிருக்கும்?"
— ஒரு வாசகர்

தாராளமாகப் போகலாம் தம்பி. 46 ஒரு வயதே இல்லை. கடையை மூடிவிட்டு நிற்கிற நேரத்தில் கையில் ஒரு தொழில் இருக்கிறதே, அதுவே பெரிய பலம்.

உங்கள் நண்பர்கள் சொல்வதும் சரிதான், கை மறக்காது. எனக்குக் கவலையே அதில்தான். உங்கள் கையும் காலும் ஞாபகம் வைத்திருப்பது 14 வருஷத்துக்கு முந்தைய வண்டியை. இப்போது உங்களுக்குக் கொடுக்கப் போவது வேறு வண்டி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திரும்பி வந்ததும் எனக்குக் கொடுத்தது கிளட்ச் பெடலே இல்லாத வண்டி. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். கியர் லீவர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திருகு. ஷெட்டுக்குள் இரண்டு நாள் சுற்றினேன், ஒரு சிக்கலும் இல்லை. மூன்றாம் நாள் ரோட்டில் முன்னால் போன கார் திடீரென்று வேகத்தைக் குறைத்தது. நான் யோசிக்கவே இல்லை, என் இடது கால் தானாக எழுந்து கிளட்சை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் பெடலின் இடது ஓரம் இருந்தது. கிளட்சை எப்படி மிதிப்போம்? தரை தட்டுகிற மாதிரி ஒரே மிதி. அதே மிதியைப் பிரேக்கில் கொடுத்தேன். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. சீட் பெல்ட் தோளில் பதிந்த தடம் ராத்திரி குளிக்கும்போதும் இருந்தது. பின்னால் வந்தவர் இடைவெளி விட்டு வந்ததால் பிழைத்தோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கோபப்படவில்லை. "அண்ணே, இடது காலை சீட்டுக்குக் கீழே இழுத்து வச்சுக்குங்க. ஒரு மாசத்துக்கு அது வேலைக்கு வர வேண்டாம்" என்றார். அப்படியே செய்தேன். குதிகாலை சீட்டின் அடியில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டேன். சரியாக ஒரு மாதம் ஆனது, அந்தக் கால் தூங்கப் போக. இன்றைக்கும் திரும்பி வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான்.

இரண்டாவது, நியூட்ரல். நம் காலத்தில் இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளி உருட்டிவிடுவோம், டீசல் மிச்சம் என்று. அது அன்றைக்கே ஆபத்துதான், இன்றைக்கு டீசலும் மிச்சமாகாது. இப்போதைய எஞ்சினில் டீசல் தெளிப்பது மின்னணுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் சுத்தமாக நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க அது டீசல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக நியூட்ரலில் உருட்டுகிறவர்தான் கூடுதலாகச் செலவழிக்கிறார். எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற பலமும் போய், மொத்த பாரமும் பிரேக் மேல் விழுகிறது. சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் சூடேறினால் விரிந்து, அதை உரசிப் பிடிக்கிற லைனரை விட்டு விலகும், லைனரின் பிடிமானமும் குறையும். பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. அந்தக் கருகல் வாசனையை ஒரு தடவை முகர்ந்தவன் நான், ஆயுசுக்கும் போதும்.

அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். தானியங்கி கியர் என்றாலும் கைமுறைக்கு மாற்றி அந்தக் கியரிலேயே நிறுத்தி வைக்கலாம். எக்ஸாஸ்ட் பிரேக், ரிட்டார்டர் என்று சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கிற எது இருந்தாலும் போடுங்கள். காலி வண்டி, நனைந்த ரோடு என்றால் மட்டும் ரிட்டார்டரைத் தொடாதீர்கள். அது எஞ்சின் ஓட்டுகிற சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் மனதில் வைத்த வேகத்தை வண்டி தொட்டதும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, அதைவிட மணிக்கு 8 கிலோமீட்டர் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். மறுபடி அந்த வேகத்தைத் தொடும்போது மறுபடி மிதியுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிரம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

மூன்றாவதும் பிரேக் சங்கதிதான். வழுக்கும் ரோட்டில் பெடலைப் பம்ப் செய்து பழகியிருப்பீர்கள், நானும் அப்படித்தான். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அது தப்பு. விட்டு விட்டுப் பிடிக்கிற வேலையை நம் காலைவிட வேகமாக அதுவே செய்யும், நீங்கள் ஒரே சீராக மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தால் போதும். பம்ப் செய்தால், பிரேக்கை இயக்குவதற்காக டேங்கில் இருக்கிற காற்றுதான் வீணாகும். அதேபோல ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்து பிரேக்கை டைட் வைக்கிற பழக்கம். இப்போது அட்ஜஸ்டர் தானாகவே டைட் ஆகிற வகை. அது தளர்ந்திருந்தால் உள்ளே எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். நீங்கள் கையால் முறுக்கிவிட்டால் கோளாறு மறையும், தீராது. மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது யூரியாக் கரைசல், 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கு. அது தீர்ந்துபோனால் எஞ்சின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், கடைசியில் வண்டி ஊர்ந்துதான் போகும். அவசரத்தில் அந்த மூடியைத் திறந்து டீசலை ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் சாவியைத் திருப்பாமல் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்யாத வரை செலவு சின்னது.

மீட்டர் போர்டில் முன்பு நாலு விளக்கு இருந்தது, இப்போது வரிசையாக இருக்கும். முதல் நாளே கையேட்டைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்ட வேண்டும், சிவப்பு என்றால் ஓரம் கட்ட வேண்டும். 'இந்த விளக்கு எப்பவும் எரியும், கண்டுக்காதீங்க' என்று யாராவது சொன்னால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

பழைய படிப்பில் மாறாததும் நிறைய இருக்கிறது, அங்கே நீங்கள் புது ஆட்களைவிட ஒரு படி மேலே. காலையில் வண்டியைச் சுற்றி வருவது, காற்று டேங்கில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, டயருக்கு டயர் கையை வைத்துப் பார்ப்பது, எஞ்சினை அணைத்து பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி காற்று மீட்டரை ஒரு நிமிடம் பார்ப்பது. தனி வண்டியில் முள் 3 பவுண்டுக்கு மேல், டிரெய்லர் கோத்த வண்டியில் 4 பவுண்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்கிப் பார்ப்பது. இதையெல்லாம் எந்தக் கணினியும் உங்களுக்காகச் செய்யாது.

முதல் மாதத்துக்கு என் யோசனை: இரண்டு நாள் ஷெட்டுக்குள், பிறகு பகலில் காலி வண்டி, பிறகு பகலில் லோடு வண்டி, கடைசியில்தான் ராத்திரி. பக்கத்தில் அந்த வண்டி தெரிந்த ஒருவர். அவர் உங்களைவிடச் சின்னப் பையனாக இருந்தாலும் அவரைக் கேளுங்கள். உங்கள் வீட்டாரை ஒரு நாள் அழைத்துப்போய், நிற்கிற வண்டியில் ஏற்றி உட்கார வைத்துக் காட்டுங்கள். என் வீட்டில் பயம் பாதியாகக் குறைந்தது அன்றைக்குத்தான்.

"என் கனரக உரிமம் காலாவதியாகி 6 வருஷம் ஆகிறது. புதுப்பித்தால் போதுமா, மறுபடி டெஸ்ட் போக வேண்டுமா?"
— ஒரு வாசகர்

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, நம் வாசகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவில் காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வாக வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்பு இதற்கு ஐந்து வருஷம் வரை இடம் இருந்தது. அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் என்றால் உரிமத்தோடு, 5 வருஷத்துக்கு ஒரு தடவை 35 மணி நேரப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவச் சான்று அதிகபட்சம் 24 மாதம்தான் செல்லும்.

எங்கே இருந்தாலும் மருத்துவச் சான்றை முதலில் முடியுங்கள். கண்ணிலோ ரத்த அழுத்தத்திலோ ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்யச் சில வாரம் ஆகும். டெஸ்டுக்குத் தேதி வாங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது தலைகீழ் வேலை. டெஸ்ட் என்றதும் அவமானமாக நினைக்க வேண்டாம். 6 வருஷத்துக்குப் பிறகு வேறு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் ஓட்டத்தைப் பார்ப்பது உங்களுக்கே நல்லது.

"என் கணவருக்கு 52 வயது. பத்து வருஷமாக ஆபீஸ் வேலை, இப்போது மறுபடி டிரெய்லர் ஓட்டப் போகிறேன் என்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். குறட்டை அதிகம். நடு ராத்திரி குறட்டை சட்டென்று நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி ஆரம்பிக்கும். பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். நான் சொன்னால் 'முன்னாடி மூணு ராத்திரி தொடர்ந்து ஓட்டினவன்' என்று கோபப்படுகிறார். என்ன செய்வது?"
— ஒரு வாசகி

அம்மா, இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கியமானது உங்களுடையதுதான். முதலில் ஒன்று: நீங்கள் கவனித்தது அவருக்குத் தெரியாது, தெரியவும் வாய்ப்பில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. மூச்சு பத்து விநாடி, சில நேரம் அதற்கும் மேலே நின்றுபோகிறது. மூளை பதறி அவரை அரைகுறையாக எழுப்புகிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம். ஒரு மணி நேரத்தில் பல தடவை இப்படி நடந்தால் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாக ஆகாது. டிவி முன்னால் தூங்குவது அதனால் இருக்கலாம். ஸ்டியரிங் முன்னாலும் அதே தூக்கம் வரும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடி கண் சொருகினால் 66 மீட்டர் யாரும் ஓட்டாமல் ஓடியிருக்கும்.

இது சிகிச்சை உள்ள சங்கதி, அவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனை செய்து உறுதியானால், ராத்திரி மூக்கில் மாட்டிக்கொள்கிற காற்றழுத்தக் கருவி கொடுப்பார்கள். அதைப் போட்டுத் தூங்கி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பிய டிரைவர்கள் நிறையப் பேர். என்னிடம் பயிற்சி எடுத்த ஒருவர், கருவி மாட்டிய முதல் வாரம் முடிந்து வந்து, "காலையில எழுந்தா தலை கனம் இல்லண்ணே, இப்படி ஒண்ணு இருக்குங்கிறதையே மறந்துட்டேன்" என்றார்.

சண்டை வேண்டாம். அவர் தூங்கும்போது போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது போட்டுக் காட்டுங்கள். நம்மைப் போன்ற ஆண்களுக்கு மனைவி சொல்வது காதில் ஏறாது. சொந்த மூச்சு நிற்கிற சத்தத்தைக் கேட்டால் ஏறும்.

சர்க்கரைக்கு அவர் சாப்பிடும் மாத்திரை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் மட்டும் இல்லை, சில மாத்திரைகளும் சர்க்கரையைத் திடீரென்று கீழே இறக்கிவிடும். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குச் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு: வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும், ஓடும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், நம் அளவில் 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். சர்க்கரை இறங்கிப்போய் மயக்கம் மாதிரி வந்தால், அது சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

'மூணு ராத்திரி ஓட்டினவன்' என்ற பேச்சுக்கு ஒரு பதில். நானும் ஓட்டியிருக்கிறேன், அது பெருமை இல்லை. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போலத்தான் வேலை செய்கின்றன. குடித்துவிட்டு ஓட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்கிற நம் ஆட்கள், தூக்கத்தோடு ஓட்டியதை மட்டும் வீரமாகச் சொல்கிறார்கள். 25 வயதில் உடம்பு மன்னித்தது. விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணி வரையும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் யாருக்குமே உடம்பு கீழே இழுக்கும். அந்த நேரத்துக்கு ஓய்வு விழுகிற மாதிரி ஓட்டத்தை அமைக்கச் சொல்லுங்கள்.

கண் டாக்டரையும் பாருங்கள். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குப் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. உங்களவர் அந்தப் பாதையில்தான் இருக்கிறார். எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் கண் தெளிய முன்பைவிட நேரம் பிடிக்கும்.

"எனக்கு 20 வருஷ அனுபவம் உண்டு, விட்டு 8 வருஷம் ஆகிறது. போன இடத்தில் 'அது பழைய கதை' என்றார்கள். மூன்று மாதம் இரண்டாவது டிரைவர், புதிதாகச் சேர்கிறவர் சம்பளம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?"
— ஒரு வாசகர்

மனசு வலிக்கும், தெரியும். ஆனாலும் இரண்டாவது சீட்டை ஒப்புக்கொள்ளுங்கள், அதைக் கேட்டே வாங்க வேண்டும் என்பேன். எட்டு வருஷம் கழித்து வருகிறவரை முதல் நாளே தனியாக லோடு ஏற்றி அனுப்புகிற கம்பெனியைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆளில்லாமல் தவிக்கிறார்கள், நீங்கள் எப்படிப் போனாலும் கவலையில்லை என்று அதற்கு அர்த்தம்.

சம்பளம் வேறு விஷயம். மூன்று மாதம் கழித்து எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா என்று கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கு என்றால், லோடு ஏற்ற வரிசையில் நிற்கிற நேரத்துக்கு என்ன தருவீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பெரிய தொகை சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் கேட்டிலேயே நிற்க வைத்தார்கள் என்னை ஒரு இடத்தில். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சரக்கு சேதமானால் யார் பொறுப்பு, அபராதம் யார் கட்டுவது, ஒரே வண்டியைத் தருவீர்களா தினம் ஒன்றா, இவற்றையும் கேட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கையும் கேளுங்கள். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். அமெரிக்காவில் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம், 2017 டிசம்பரிலிருந்து அதை மின்னணுக் கருவிதான் பதிவு செய்கிறது. இந்தியாவில், 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை இருந்த 1961ஆம் வருஷச் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொன்னது. அந்தச் சட்டம் அத்தனை வருஷம் இருந்தும் பல ஓட்டுநர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 'அதெல்லாம் பாத்தா ஓட்ட முடியுமா' என்று சிரிக்கிற இடத்தில் எவ்வளவு கொடுத்தாலும் சேராதீர்கள்.

"அண்ணா, நான் 39 வயதுப் பெண். குழந்தைகள் பிறப்பதற்கு முன்பு நாலு வருஷம் டிரெய்லர் ஓட்டினேன். ரிவர்ஸ் எடுப்பதில் என்னை எல்லோரும் பாராட்டுவார்கள். 12 வருஷம் கழித்துப் போன வாரம் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்குப் போனேன். ரோட்டில் நன்றாக ஓட்டினேன். ஷெட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்று தடவை டிரெய்லர் மடங்கிக்கொண்டது. சுற்றி ஆட்கள் நின்று பார்த்தார்கள். அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போகவா?"
— ஒரு வாசகி

போ தங்கச்சி. மறுபடி வரச் சொன்னார்கள் என்றால் ரோட்டில் நீ ஓட்டியது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

திரும்பி வருகிறவர்களிடம் முதலில் மங்கிப்போயிருப்பது ரிவர்ஸ்தான். நேராக ஓட்டுவதற்குக் கார் ஓட்டிய பழக்கமாவது துணைக்கு வரும். ரிவர்ஸுக்கு அந்தப் பழக்கமே எதிரி. கார் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவோம். டிரெய்லரில் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். 12 வருஷமாகக் காரில் பழகிய கை, பதற்றத்தில் காரின் வழியில் போய்விடுகிறது.

அதற்கு ஒரு வழி. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் ஒரு கையை வை. டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே அந்தக் கையை நகர்த்து. எதிர்ப்பக்கம் என்று மனசுக்குள் கணக்குப் போடவே வேண்டாம்.

தொடங்கும்போது வண்டியும் டிரெய்லரும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கொஞ்சம்தான் திருப்ப வேண்டும், திருப்பியது டிரெய்லரில் தெரியச் சற்று நேரம் ஆகும். அந்த நேரத்தில் 'இன்னும் திரும்பலையே' என்று மேலும் திருப்பினால்தான் மடங்கும். உனக்கு மூன்று தடவையும் நடந்தது அநேகமாக இதுதான். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மறுபக்கம் கொண்டுவந்து அதன் பின்னாலேயே போ. ஒரு பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வந்தால் அந்தப் பக்கம் மடங்குகிறது என்று அர்த்தம். அந்தக் கண்ணாடியை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினால் நேராகும். அதற்கும் மேலே போய்விட்டால் ரிவர்ஸில் போராடாதே. முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி வா. முன்னால் இழுப்பதற்கு எந்தத் தேர்வாளரும் ஆளைத் தள்ளிவிட மாட்டார், இடிப்பதற்குத்தான் தள்ளுவார்.

நீ உட்காரும் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வளைவை அமைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பார். எதிர்ப்பக்கம் வளைத்தால் பாதி வழியில் டிரெய்லரே உன் கண்ணை மறைத்துவிடும்.

அடுத்தது இறங்கிப் பார்ப்பது. தொடங்கும் முன் ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, பின்னால் நடந்து போய் இடத்தைப் பார். மேலேயும் பார், கம்பி, கிளை, கூரை ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் நடுவிலும் இறங்கு. ஆட்கள் நின்று பார்ப்பதால் இறங்கக் கூச்சமாக இருக்கும். நான் தேர்வு எடுக்கும்போது இறங்கிப் பார்க்கிறவர்களுக்குத்தான் முதலில் வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன். இறங்கும்போது குதிக்காதே. கேபினைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி இருக்கட்டும். திரும்பி வந்த முதல் வருஷம் நான் குதித்துக் குதித்து இறங்கியதன் பலனை என் வலது முழங்கால் இன்னும் அனுபவிக்கிறது.

அடுத்த வாரத்துக்குள் தெரிந்தவர் ஷெட்டில் காலி டிரெய்லர் கிடைத்தால் தினம் அரை மணி நேரம் எடுத்துப் பார். நேராகப் பின்னால் போவதை மட்டும் முதல் இரண்டு நாள் செய், வளைவு பிறகு. கிடைக்காவிட்டால் குழந்தைகளின் பொம்மை லாரியில் கொக்கி வைத்த டிரெய்லர் இருக்கிறதா என்று தேடு. மேஜையில் வைத்துப் பின்னால் தள்ளும்போது அது மடங்குகிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் கைக்குப் புரியும்.

தேர்வுக்குப் போன நாளில் சீட்டையும் கண்ணாடிகளையும் உனக்கு ஏற்ற மாதிரி மாற்றினாயா? கூச்சத்தில் முந்தைய ஆள் விட்டுவிட்டுப் போனபடியே உட்கார்ந்திருப்பாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த வாரம் ஏறியதும் அதற்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள். யார் நின்றாலும் நிற்கட்டும். இரண்டு கண்ணாடியிலும் டிரெய்லரின் பின் சக்கரம் தெரிந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.